பாதைக்குப் பக்கத்து மண்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற ஊருக்குக் கிழக்கே, செம்பாறை மேட்டில் ஒரு பாதை. எதிரே மோட்டார் சைக்கிளில் ஒருவர் வருகிறார். நடந்து வருகிறவரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டுகிறார். 'எனக்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டி வருகிறது' என்று அர்த்தம். அடுத்து வருகிறவர் இரண்டு விரல் காட்டுவார். அதற்கடுத்தவர் ஒரு விரல். கடைசி ஆள் விரல்களை மடக்கிக் கையை மட்டும் தூக்குவார். 'என்னோடு சரி, இனி நீங்கள் தாராளமாக நடக்கலாம்' என்பது அதன் பொருள். ஒரு வார்த்தை பேசாமல், ஒருவரை ஒருவர் முறைக்காமல், ஒரே பாதையில் வண்டியும் காலும் கடந்து போய்விடுகின்றன.

இந்த மரியாதை சும்மா வந்துவிடவில்லை. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஊரில் வண்டிக்காரர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் பாதைத் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு வைத்த தடுப்பை, உள்ளூர் நிர்வாகமே புல்டோசர் விட்டுத் தள்ளிய கதையும் அங்கே உண்டு. அந்தத் தகராறில் இரண்டு தரப்புமே வெகுகாலம் கவனிக்காத மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. அது பாதைக்குப் பக்கத்தில் கிடக்கும் மண். வண்டிப்பாதைக்காகப் பஞ்சாயத்து பேசிய அனுபவம் உள்ள எந்த விவசாயிக்கும் அந்த மண்ணின் கதை எளிதில் புரியும்.

யுரேனியம் போட்டுத் தந்த பாதைகள்

மோவாப் சின்ன ஊர். மக்கள்தொகை ஐயாயிரத்துச் சொச்சம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரம். ஊருக்கு வடமேற்கே கொலராடோ ஆறு ஓடுகிறது. தென்கிழக்கே லா சால் மலைகள். குளிர்காலத்தில் அவற்றின் உச்சியில் பனி மூடிக்கிடக்கும். மற்ற பக்கமெல்லாம் செம்பாறையும் மணலும்தான். ஆண்டு மழை சுமார் 230 மில்லிமீட்டர். வறட்சி மாவட்டம் என்று நாம் சொல்லும் ராமநாதபுரத்தில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

யூட் பழங்குடி மக்கள் காலங்காலமாக நடந்த தடங்கள் அங்கே பழைய பாதைகள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குடியேறியவர்கள் ஆடு மாடு மேய்த்தார்கள். ஆற்றோரச் சமவெளியில் பீச், ஆப்பிள் தோட்டம் போட்டார்கள். 1952-ல் எல்லாம் தலைகீழானது. கையில் காசில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர், மோவாப்புக்குத் தெற்கே வளமான யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுப் போட்டி நடந்த காலம் அது. யுரேனியம் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக, மேடு மேடாக, புல்டோசர் வைத்துப் பாதை வெட்டினார்கள். இன்று கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சுமார் 160 கிலோமீட்டர் நீள 'ஒயிட் ரிம்' பாதையும் அப்படி வந்ததுதான்.

யுரேனிய மோகம் வடிந்தது. பாதைகள் அப்படியே கிடந்தன. அவற்றில் ஜீப் ஓட்டிப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1967-ல் ஈஸ்டர் சமயத்தில் ஊர் வணிகர் சங்கம் ஜீப் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கியது. 'ஈஸ்டர் ஜீப் சஃபாரி' என்ற அந்த நிகழ்ச்சி இன்றைக்கும் நடக்கிறது. 1969-ல் வழவழப்பான பாறைமேட்டில் மோட்டார் சைக்கிள்களுக்காக 'ஸ்லிக்ராக்' என்ற பாதையைக் குறித்தார்கள். 1980-களில் மலைச் சைக்கிள்காரர்கள் வந்து அந்தப் பாதையை உலகப் புகழ் ஆக்கிவிட்டார்கள். இன்னொரு பக்கம், அமைதியைத் தேடி முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடக்க வந்தவர்களும் பெருகினார்கள். பாதை அதே பாதைதான். அதற்கு உரிமை கொண்டாடுகிறவர்கள்தான் பலராகிவிட்டார்கள்.

யார் சொல்வது நியாயம்?

ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நிலம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புறம்போக்கு மாதிரி. தேசியப் பூங்காக்கள் நீங்கலாக, மோவாப் வட்டாரத்தில் சுமார் 18 லட்சம் ஏக்கரை மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை பார்த்துக்கொள்கிறது. மேய்ச்சல், சுரங்கம், சுற்றுலா எல்லாவற்றுக்கும் அதே நிலம்தான்.

நடந்து போகிறவர்கள் சொல்வது இது. 'இயந்திரச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கிறது. நாலு மணி நேரம் நடந்து ஓர் இடத்தை அடைந்தால், அங்கே பெட்ரோல் வாடை அடிக்கிறது. குழந்தையோடு போகிறவர் வளைவில் வண்டிக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது.' ஆர்ச்சஸ் பூங்காவில் 1956, 1957-ல் காவலராக வேலை பார்த்த எட்வர்ட் ஆபி, 1968-ல் எழுதிய 'டெசர்ட் சாலிடேர்' நூலில், தேசியப் பூங்காக்களுக்குள் கார்களே வரக்கூடாது என்று வாதாடினார். நடையாளர்கள் பலருக்கு அது இன்றும் வேதம் போல.

வண்டிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'இந்தப் பாதைகள் வண்டிக்காகவே வெட்டப்பட்டவை. தாத்தா காலத்திலிருந்து ஓட்டுகிறோம். முழங்கால் தேய்ந்த கிழவரும், நடக்க முடியாத மாற்றுத்திறனாளியும் அந்த மலையுச்சியைப் பார்க்க வேண்டாமா? நாங்கள் வரும்போதுதான் ஊரில் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் மெக்கானிக் பட்டறையும் நிறைகின்றன.'

இந்த வாக்குவாதம் ஒரு கட்டத்தில் கைமீறியது. மோவாப்புக்கு அருகே ஓர் ஓடைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1870-களில் வில்லியம் கிராண்ட்ஸ்டாஃப் என்ற கறுப்பின மாட்டுக்காரர் தம் மாடுகளை மேய்த்த இடம். 1970-களின் கடைசியில் நில மேலாண்மைத் துறை, இயற்கைப் பாதுகாப்புக்காக அதன் வாயில் வண்டிகளுக்குத் தடுப்பு வைத்தது. 'எங்கள் பாதையை மறிக்க நீ யார்?' என்று கவுண்டி நிர்வாகம் புல்டோசர் விட்டு அதைத் தள்ளியது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற அமைப்பு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இன்று அந்தப் பள்ளத்தாக்கு நடந்து போகிறவர்களுக்கு மட்டும். ஓடையைப் பல இடங்களில் தாண்டி சுமார் 3 கிலோமீட்டர் நடந்தால், இயற்கையாக அமைந்த பிரம்மாண்டமான கல் வளைவு ஒன்றைப் பார்க்கலாம்.

நெல் வயலுக்குத் தெரிந்த பாசி

இரண்டு தரப்பும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்க, மோவாப்பில் பணியாற்றிய ஜேன் பெல்னாப் என்ற மண் அறிவியலாளர் பாதைக்கு வெளியே குனிந்து மண்ணைப் பார்த்தார். அங்கே செடிகளுக்கு இடையே கிடப்பது வெறும் மணல் அல்ல. கருகிய அடை மாதிரி கறுத்து, மேடும் பள்ளமுமாக, சின்னச் சின்னக் கோபுரம் போல எழும்பி நிற்கும் ஒரு பொருக்கு.

மழைக்குப் பின் மேல்மண் இறுகி, முளைப்பயிரை வெளியே விடாமல் தடுக்கும் பொருக்கு நம் விவசாயிகளுக்குத் தெரியும். இது அந்த ரகமல்ல. இது உயிருள்ள பொருக்கு. நீலப்பச்சைப் பாசி, கற்பாசி, பாசிச்செடி எல்லாம் சேர்ந்து மண்ணைப் பின்னிவைத்த பாய். மழைத்துளி பட்டதும் நீலப்பச்சைப் பாசியின் இழைகள் உப்பி, மண்ணுக்குள் ஊர்ந்து, போன வழியெல்லாம் பிசின் போன்ற உறையை விட்டுச்செல்லும். அந்தப் பிசின்தான் மணல் பருக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. காற்று அடித்தாலும் மண் கிளம்பாது. பெய்த கொஞ்ச மழை அரித்துக்கொண்டும் ஓடாது.

நெல் விவசாயிகளுக்கு இந்தப் பாசி அந்நியமல்ல. நடவு செய்த 10ஆம் நாள் ஏக்கருக்கு 4 கிலோ நீலப்பச்சைப் பாசித் தூளை வயலில் தூவச் சொல்வது, அது காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுப்பதால்தான். நம் வயல் தண்ணீரில் வளரும் நாஸ்டாக் இனத்தின் உறவுகள்தான் அந்தப் பாலைவனப் பொருக்கிலும் இருக்கின்றன. அங்கே யாரும் யூரியா போடுவதில்லை. புல்லுக்கும் புதருக்கும் தழைச்சத்து பெரும்பாலும் இந்தப் பொருக்கிலிருந்தே கிடைக்கிறது.

காய்ந்த நிலையில் இந்தப் பொருக்கு அப்பளம் மாதிரி. பூட்ஸ் கால் ஒன்று பட்டாலே நொறுங்கும். டயர் ஏறினால் நீளவாக்கில் ஒரே கீறலாக நொறுங்கும். அந்தத் தடத்தில் மழைநீர் ஓடிப் பள்ளம் பறிக்கும். உடைந்த இடத்திலிருந்து பறக்கும் மணல் பக்கத்துப் பொருக்கை மூடும். வெளிச்சம் இல்லாமல் அங்குள்ள பாசியும் சாகும். மெல்லிய மேல்படலம் திரும்ப 5 முதல் 7 வருடம் ஆகும். முழுமையாகப் பழைய நிலைக்கு வர 50 வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். இருபது வயது இளைஞர் விளையாட்டாகப் பாதையை விட்டு வண்டியை இறக்கினால், அந்தத் தடம் ஆறுவதைப் பார்க்க அவருக்கு எழுபது வயதாகிவிடும்.

தூசி பறந்தால் தண்ணீர் குறையும்

ஒரு பாலைவனத்துப் பாசி செத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அங்கேதான் விவசாயி வருகிறார்.

இளவேனில் மாதங்களில் அந்தப் பீடபூமியில் பலத்த காற்று வீசும். பொருக்கு உடைந்த இடங்களிலிருந்து செம்புழுதி கிளம்பி, கிழக்கே கொலராடோ மாநிலத்தின் சான் வான் மலைப்பனி மீது படியும். வெள்ளை வேட்டியைவிடக் கறுப்புத் துணி வெயிலில் சீக்கிரம் சுடும் அல்லவா? அதே கணக்குதான். அழுக்குப் படிந்த பனி வெயிலை அதிகம் இழுத்துக்கொண்டு, சராசரியாக மூன்று வாரம் முன்னதாகவே உருகிவிடுகிறது. பனி போனதும் நிலமும் செடிகொடியும் முன்கூட்டியே வெயிலுக்கு வந்துவிடுகின்றன. ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகமாகிறது. இதனால் கொலராடோ ஆற்றின் மேல்பகுதி நீர்வரத்தில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் குறைகிறது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அந்த ஆற்றை நம்பிச் சுமார் 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். சுமார் 55 லட்சம் ஏக்கர் பாசனம் பெறுகிறது. அரிசோனாவின் யூமாவிலும் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் விளையும் குளிர்காலக் கீரை, காய்கறி, குதிரைமசால் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். பெரும்பாலான வருடங்களில் ஆறு கடலைத் தொடுவதே இல்லை. நம் கடைமடைக்காரர்களுக்கு 5 சதவீதம் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

பழி முழுவதையும் வண்டிக்காரர் தலையில் போட முடியாது. மலை ஏரிகளின் அடிமண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, 19ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கான ஆடு மாடுகள் வந்த பிறகுதான் புழுதி பல மடங்கு கூடியது தெரிந்தது. 1934-ல் மேய்ச்சலுக்குச் சட்டம் வந்து மந்தைகளைக் கட்டுப்படுத்திய பிறகு புழுதி குறைந்ததும் அதே அடிமண்ணில் பதிவாகியிருக்கிறது. குளம்பு, டயர், சுரங்கம், பூட்ஸ் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. அடக்கி ஆண்டால் மண் மெல்ல மெல்லத் தேறும் என்பதற்கும் இதுவே சான்று.

பகிர்ந்துகொள்ள என்ன செய்தார்கள்?

1972-ல் குடியரசுத் தலைவர் நிக்சன் ஓர் ஆணை போட்டார். பொது நிலத்தில் இத்தகைய வண்டிகள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அரசுத் துறைகள் குறித்துக் காட்ட வேண்டும். மண்ணுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் வனவிலங்குக்கும் மற்றப் பயணிகளுக்கும் இடைஞ்சல் குறைவாக இருக்கும்படி பார்க்க வேண்டும். மோவாப்பில் இது முழுதாக நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. அங்கே படிப்படியாக வந்த ஏற்பாடுகளைப் பார்க்கலாம்.

1. குறித்த தடம் மட்டும்: 2008-ல் வந்த நிலத் திட்டப்படி, வரைபடத்தில் உள்ள தடத்தில் மட்டுமே வண்டி ஓட்டலாம். இஷ்டப்படி ஓட்டி விளையாட, பொருக்கு வளராத மணற்குன்றுப் பகுதி ஒன்றை ஒதுக்கிவிட்டார்கள். முழுக்கத் தடுக்காமல், தாங்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தது நல்ல யோசனை.

2. பாறையில் அடையாளம்: சேண்ட் ஃபிளாட்ஸ் என்ற மேட்டில் சைக்கிள் பாதையும் ஜீப் பாதையும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. சைக்கிள் தடத்துக்குப் பாறை மேல் வெள்ளைக் கோடு. 'ஹெல்ஸ் ரிவெஞ்ச்' ஜீப் பாதைக்குத் தீச்சுடர்ப் படம். நடைபாதைகளுக்குச் சிறு கற்குவியல்கள். அடையாளம் தெளிவாக இருந்தால் 'தெரியாமல் வந்துவிட்டேன்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

3. யார் ஒதுங்குவது: சக்கரத்தில் வருகிறவர் நடந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். குதிரை வந்தால் எல்லோரும் ஒதுங்க வேண்டும். வண்டிக்காரர் இன்ஜினையும் அணைக்க வேண்டும். மேட்டில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம் தர வேண்டும்.

4. பயன்படுத்துகிறவர் காசு கொடுப்பது: சேண்ட் ஃபிளாட்ஸில் நுழைவுக் கட்டணம் வாங்கி, அதிலேயே கழிப்பறை, வேலி, காவலர் செலவைப் பார்க்கிறார்கள். நாடு முழுவதற்கும் 1991 முதல் ஒரு நிதி இருக்கிறது. இத்தகைய வண்டிகள் எரிக்கும் எரிபொருளின் வரியைக் கணக்கிட்டுப் பாதைகளுக்குத் தருகிறார்கள். அதில் 30 சதவீதம் வண்டிப் பாதைக்கு, 30 சதவீதம் நடை, சைக்கிள், குதிரைப் பாதைக்கு, 40 சதவீதம் பலரும் பகிரும் பாதைக்கு. வண்டிக்காரர் காசில் நடக்கிறவருக்கும் பாதை கிடைக்கிறது என்பதால், 'அவர்களை அடியோடு விரட்டு' என்ற பேச்சின் வேகம் கொஞ்சம் குறைகிறது.

5. பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிப்பது: கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கு காலுக்கு மட்டும். ஒயிட் ரிம் பாதையில் சாலையில் ஓட்டத் தகுதியுள்ள ஜீப், சைக்கிள் போன்றவை அனுமதிச் சீட்டோடு போகலாம், ஏ.டி.வி. எனப்படும் குட்டை நாலுசக்கர வண்டிகள் கூடாது.

இவ்வளவு செய்தும் தகராறு தீர்ந்துவிடவில்லை. 2021-ல் நகரமும் கவுண்டியும் வண்டிச் சத்தத்துக்கு வரம்பு வைத்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 2023-ல் லேபிரிந்த் பள்ளத்தாக்குப் பகுதியில் இருந்த 1,100 மைலுக்கு மேற்பட்ட தடங்களில் 317 மைலை வண்டிகளுக்கு மூடினார்கள். 800 மைலுக்கு மேல் திறந்தே இருந்தது. நடையாளர்கள் மகிழ்ந்தார்கள், வண்டிக்காரர் அமைப்புகள் வழக்குப் போட்டன. ஆனால் பேச்சு மாறியிருக்கிறது. 'பாதை உனதா எனதா' என்று தொடங்கிய சண்டையில், 'பாதையை விட்டு இறங்காதே' என்ற ஒன்றை மட்டும் பொறுப்புள்ள இரு தரப்புமே ஒப்புக்கொள்கின்றன. வண்டிக்காரர் சங்கங்களே புதியவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கின்றன. இயற்கை அழைப்புக்குக்கூட ஒதுங்க வேண்டுமானால் பாறை மீதோ, வறண்ட ஓடை மணலிலோ கால் வைத்துப் போகவேண்டும் என்பது நடந்து போகிறவர்களுக்கான பாடம்.

நம் ஊர் வண்டிப்பாதை

மோவாப் எங்கேயோ இருக்கிறது. ஆனால் பாதை அகலமாகும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஐப்பசி மழையில் வண்டிப்பாதையின் நடுவில் ஒரு பள்ளம் விழும். முதல் டிராக்டர் அதைத் தவிர்க்க ஓரமாக ஏறும். அடுத்த டிராக்டர் இன்னும் கொஞ்சம் ஓரம் போகும். கேஜ் வீலோடு ஒன்று வந்தால் வரப்பு சரிந்து போகும். மூன்று வருடத்தில் பாதை பக்கத்து வயலுக்குள் இரண்டு முழம் போயிருக்கும். நிலத்துக்காரர் முள்ளை வெட்டிப் போடுவார். பால் கறக்கப் போகிற அம்மா அந்த முள்ளில் கால் வைப்பார். அப்புறம் வி.ஏ.ஓ., சர்வேயர், காவல் நிலையம் என்று போகும். நஷ்டம் வயல்காரருக்கு மட்டுமல்ல. வண்டி ஏறி இறுகிய மண்ணில் வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது.

பாதையைப் பயன்படுத்துகிற நாலைந்து குடும்பம் கூடிப் பேசினால் இதைத் தவிர்க்கலாம். புலப்படத்தில் வண்டிப்பாதையின் அகலம் என்ன என்று பார்த்து, சர்வேயரை வைத்து இரு ஓரமும் கல் நட்டுக்கொள்ளுங்கள். டிராக்டர் வைத்திருப்பவர் கூடுதலாகவும் நடந்து போகிறவர் குறைவாகவும் பங்கு போடலாம். கேஜ் வீலை வயலிலேயே கழற்றிவிட்டுப் பாதையில் ஏறுவது என்று முடிவு செய்யுங்கள். சித்திரை, வைகாசியிலேயே இரண்டு டிராக்டர் கிராவல் அடித்துப் பள்ளத்தை மூடி, ஒரு பக்கம் வாய்க்கால் இழுத்துத் தண்ணீருக்கு வழிவிடுங்கள். பாதை நடுவில் பள்ளம் இல்லாவிட்டால் ஐப்பசியில் யாரும் வரப்பில் டயரை ஏற்ற மாட்டார்கள்.